நியூயார்க் நகர அடையாள அட்டை: நம்மவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ஃப்ளஷிங் பிள்ளையார் கோவில் கேன்டீனில் தோசைக்குக் காத்திருக்கும் நேரத்தில் என்னிடம் கேட்கப்பட்டவைதான் இந்தக் கேள்விகளில் பாதி. மீதி வாட்ஸ்அப்பில் வந்தவை, அதுவும் இரவு பதினொரு மணிக்கு மேல். நான் வக்கீலும் இல்லை, நகராட்சி ஊழியரும் இல்லை. எனக்கும் வீட்டாருக்கும் அட்டை எடுத்து, அப்புறம் தெரிந்தவர்களுக்குத் துணையாகப் போய்ப் போய்த் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அட்டை இரண்டே இரண்டைத்தான் சொல்கிறது: நீங்கள் இன்னார், நீங்கள் இந்த ஊரில் குடியிருக்கிறீர்கள். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பதில்களில் பலவற்றை நீங்களே ஊகித்துவிடலாம்.

இது என்ன அட்டை, யார் கொடுக்கிறார்கள்?

பெயர் ஐடிஎன்ஒய்சி. கொடுப்பது நியூயார்க் நகர நிர்வாகம். மாநிலமும் இல்லை, வாஷிங்டனும் இல்லை. மேயர் பில் டி பிளாசியோ காலத்தில், 2014 ஜூலையில் சட்டமாகி, 2015 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் 14 வயது ஆனவர்களுக்குத்தான் என்றிருந்தது, பிறகு 10 வயதுக்கு இறக்கிவிட்டார்கள். ஐந்து ஆண்டுக்குச் செல்லும்.

இந்த யோசனை நியூயார்க்கில் பிறந்ததல்ல. கனெக்டிகட்டில் இருக்கும் நியூ ஹேவன்தான் 2007-லேயே முதலில் கொடுத்த ஊர். அங்கே ஆவணம் இல்லாத தொழிலாளிகளுக்கு வங்கிக் கணக்கு கிடையாது, வாரக் கூலியைக் கையில் ரொக்கமாக வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடப்பார்கள். வழிப்பறி செய்கிறவர்கள் அவர்களை ‘நடமாடும் ஏடிஎம்’ என்றே சொல்வார்களாம். அடிபட்டாலும் போலீசிடம் போகப் பயம். அதற்குத் தீர்வாக வந்த அட்டை இது. 2009-ல் சான் பிரான்சிஸ்கோ, அப்புறம் நியூயார்க், 2017-ல் சிகாகோ என்று பரவியது.

எனக்கு விசா காலாவதி ஆகிவிட்டது. கேட்பார்களா?

கேட்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் அதற்கான கட்டமே கிடையாது. குடிமகனா, கிரீன் கார்டா, எச்-1பியா, அகதி வழக்கு நடக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்பது அந்த மேசைக்கு வேண்டாத சங்கதி. நீங்களாகவும் சொல்லாதீர்கள். நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, அரசாங்க மேசை என்றாலே ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வோம்.

என் விவரம் குடிவரவுத் துறைக்குப் போய்விடாதா?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘ஒன்றும் ஆகாது, போய் எடு’ என்று தோளில் தட்டி அனுப்புவது நியாயம் இல்லை.

ஆரம்பத்தில் விண்ணப்பித்தவர்களின் பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம் போன்றவற்றின் நகல்களை நகரம் வைத்திருந்தது. 2016 கடைசிக்குள் அவற்றை அழிக்கலாம் என்று சட்டத்திலேயே வழி வைத்திருந்தார்கள். அந்த நவம்பரில் டிரம்ப் ஜெயித்ததும் நகரம் அழிக்கத் தயாரானது. ஸ்டேட்டன் ஐலண்டைச் சேர்ந்த இரண்டு மாநில சட்டமன்ற உறுப்பினர்கள், அழிக்கக் கூடாது என்று வழக்குப் போட்டார்கள். 2017 ஏப்ரலில் தீர்ப்பு நகரத்தின் பக்கம் வந்தது. இப்போதைய முறையில் ஆவணங்களைப் பார்த்துச் சரிபார்த்துத் திருப்பித் தந்துவிடுகிறார்கள், நகல் வைப்பதில்லை.

ஆனால் உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் நகரத்திடம் இருக்கத்தான் செய்யும், அது இல்லாமல் அட்டை அடிக்க முடியாதே. அதைச் சும்மா யார் கேட்டாலும் தூக்கிக் கொடுக்கக் கூடாது, நீதிமன்ற உத்தரவு போன்ற வலுவான காரணம் வேண்டும் என்பது சட்டம். லட்சக்கணக்கானவர்கள் வைத்திருக்கும் அட்டை, அதில் குடிமக்களும் ஏராளம், ஆகவே பட்டியலில் பெயர் இருப்பதாலேயே உங்கள் நிலை இன்னது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் உங்கள் மேல் நாடு கடத்தும் உத்தரவு ஏற்கெனவே இருந்தால், முதலில் குடிவரவு வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மற்றவர்களுக்கு என் கருத்து: எடுங்கள்.

நான் இருப்பது ஜெர்சி சிட்டியில், வேலை மன்ஹாட்டனில். கிடைக்குமா?

கிடைக்காது. வேலை எங்கே என்பது கணக்கில்லை, படுக்கை எங்கே என்பதுதான் கணக்கு. மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட் ஆகிய ஐந்துக்குள் குடியிருக்க வேண்டும். எடிசன் கிடையாது, ஹிக்ஸ்வில் கிடையாது, யாங்கர்ஸ்கூடக் கிடையாது. நியூ ஜெர்சியில் நியூவார்க் மாதிரி சில ஊர்கள் சொந்தமாக அட்டை கொடுக்கின்றன, உங்கள் ஊர் டவுன் ஹாலில் விசாரியுங்கள்.

வம்பு வருவது எல்லையில்தான். ஃப்ளோரல் பார்க், பெல்ரோஸ் பக்கம் நம் ஊர்க்காரர்கள் நிறைய, மலையாளிகள் இன்னும் நிறைய. ஒரே பெயரில் குயின்ஸிலும் ஒரு பகுதி, எல்லை தாண்டி நாசாவ் கவுன்டியிலும் ஒரு பகுதி. புதிதாக வந்தவர்களுக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்றே தெரியாது. நான் சொல்லும் குறுக்கு வழி: காலையில் குப்பை எடுக்க வருவது நியூயார்க் நகரத்தின் வெள்ளை லாரியா என்று பாருங்கள். ஆமாம் என்றால் நீங்கள் நகரவாசி.

என்னென்ன ஆவணம் கொண்டுபோக வேண்டும்?

மதிப்பெண் கணக்கு. மொத்தம் 4 வேண்டும். அதில் 3 ‘நீங்கள் யார்’ என்பதற்கு, 1 ‘எங்கே இருக்கிறீர்கள்’ என்பதற்கு. கொண்டுபோகிறவற்றில் ஏதாவது ஒன்றில் படம் இருக்க வேண்டும், ஒன்றில் பிறந்த தேதி, ஒன்றில் வீட்டு முகவரி. எல்லாம் அசல், அல்லது கொடுத்த அலுவலகமே சான்றளித்த நகல். வீட்டு பிரிண்டரில் எடுத்த நகல், செல்போனில் படம் பிடித்தது என்று போனால் திரும்பி வர வேண்டியதுதான்.

நம்மவர்களுக்கு ரொம்பச் சுலபமான வழி, செல்லுபடியாகும் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட். படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறி மாதிரி ‘<<<’ என்று இரண்டு வரி ஓடுகிறதா? அது இயந்திரம் படிக்கும் பாஸ்போர்ட், 3 மதிப்பெண். கூடவே 60 நாளுக்குள் வந்த வங்கி அறிக்கையோ, கரண்ட் பில்லோ, சம்பளச் சீட்டோ உங்கள் பெயரிலும் வீட்டு முகவரியிலும் இருந்தால் 1. வேலை முடிந்தது.

ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வெளிநாட்டுத் தேசிய அடையாள அட்டைகளுக்கு மதிப்பெண் உண்டு, ஆனால் அதில் காலாவதித் தேதி இருக்க வேண்டும் என்பார்கள், ஆதாரில் அது எங்கே இருக்கிறது? ஐடிஎன்ஒய்சி இணையதளத்தில் ஆவணக் கணக்குப் பொறி ஒன்று வைத்திருக்கிறார்கள். கையில் இருப்பதை எல்லாம் அதில் தட்டிப் பார்த்தால் 4 வருகிறதா என்று சொல்லிவிடும். போவதற்கு முந்தின நாள் ராத்திரி அதைச் செய்தாலே பாதித் தலைவலி போய்விடும்.

பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி பெயர் இருக்கிறதே?

வாருங்கள். இதுதான் நம் இனத்துக்கே உரிய கேள்வி.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அமெரிக்கப் படிவத்துக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாது. முருகேசன் மகள் செல்வி என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் மு. செல்வி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, கொடுத்த பெயர்க் கட்டத்தில் ‘செல்வி முருகேசன்’ என்று சேர்ந்தாற்போல் இருக்கும். விசா அடித்த தூதரகம் அந்த இரண்டையும் தூக்கிக் குடும்பப் பெயரில் போட்டுவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அடித்திருக்கும், அதாவது முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். அந்த விசாவை வைத்து வாங்கிய அட்டைகள் எல்லாம் அதே கூத்து. வங்கியில் கணக்குத் தொடங்கிய பையன் தன் இஷ்டத்துக்கு ‘எம். செல்வி’ என்று போட்டிருப்பான். வீட்டு வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரைச் சேர்த்து. ஆக ஒரே செல்விக்கு ஐந்து பெயர்.

நான் செய்யச் சொல்வது இது. எல்லாக் காகிதத்தையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்புங்கள். எந்த இரண்டில் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது என்று தேடுங்கள். அந்த ஜோடியோடு போங்கள். ஜோடியே கிடைக்கவில்லை என்றால் முதலில் வங்கிக்குப் போய் பாஸ்போர்ட்டைக் காட்டி, கணக்கில் பெயரை அதே மாதிரி மாற்றித் தரச் சொல்லுங்கள், அடுத்த மாத அறிக்கை வந்த பிறகு அட்டைக்குப் போங்கள். ஒரு மாதம் தள்ளிப்போகும், போகட்டும். விண்ணப்பம் வாங்கும் மையத்தில் நின்றுகொண்டு தமிழ்ப் பெயரிடல் மரபை விளக்குவதைவிட அது லேசு. நான் ஒரு தடவை விளக்கிப் பார்த்தேன், அந்த ஊழியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் முருகேசன் என்பது யார்?’ என்றார்.

பிறந்த தேதியிலும் கவனம். இங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். இந்தியப் பாஸ்போர்ட்டில் 03/07/1984 என்றிருந்தால் நமக்கு ஜூலை 3, அவர்களுக்கு மார்ச் 7. எங்கள் கட்டடத்து அக்கா ஒருவருக்கு அப்படித்தான் ஆகப் பார்த்தது, திரையில் அடித்ததைத் தற்செயலாக எட்டிப் பார்த்ததால் தப்பித்தார். கையெழுத்துப் போடும் முன் பெயரையும் தேதியையும் ஒரு தடவை காட்டச் சொல்லிக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

என்னிடம் பாஸ்போர்ட்டே இல்லை. அகதி வழக்கு நடக்கிறது.

பாஸ்போர்ட்டை வழியில் தொலைத்தவர்கள், எல்லையில் அதிகாரிகளிடம் பறிகொடுத்தவர்கள், இலங்கைத் தூதரகப் பக்கமே போக முடியாத நிலையில் இருப்பவர்கள், இப்படி நமக்குள் பலர் உண்டு. பாஸ்போர்ட் கட்டாயம் இல்லை. வேலை அனுமதி அட்டை கையில் வந்திருந்தால் அதைக் காட்டலாம். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ், சொந்த நாட்டு ஓட்டுநர் உரிமம் என்று இரண்டு மூன்று சின்ன மதிப்பெண்களைச் சேர்த்து 3-ஐ எட்டப் பார்க்க வேண்டும். சேர்த்துவிடலாம், அலைச்சல்தான் அதிகம். இந்த வகை ஆட்களுக்கு நான் தனியாகப் போகச் சொல்வதில்லை. உங்கள் வழக்கைப் பார்க்கும் சட்ட உதவி அமைப்பில் கேளுங்கள், அவர்களுக்கு இது பழகிய வேலை.

வீட்டு பில் எதுவும் என் பெயரில் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஓர் அறையில் இருக்கிறோம்.

சாதாரணம்தான். ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவன் ஒருவன், மற்ற மூவருக்கும் காகிதத்தில் வீடே கிடையாது. வங்கிக் கணக்கு இருந்தால் முகவரியை அந்த வீட்டுக்கு மாற்றி, தாள் அறிக்கையைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டில் வீட்டு முகவரி வருமென்றால் அதுவும் சரி. வீடற்றோர் தங்குமிடத்தில் இருப்பவர்களுக்கு அந்த இடத்தின் கடிதம் போதும். வீட்டில் அடி உதைக்குத் தப்பி வெளியேறியவர்கள் முகவரியை அட்டையில் காட்டாமல் ஓர் அமைப்பின் பொறுப்பில் என்று போட்டுக்கொள்ளவும் வழி இருக்கிறது. இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பிள்ளைகளோடு வந்து இருக்கும் பெரியவர்களுக்கும் இதே சிக்கல்தான். கிரீன் கார்டில் வந்த மாமியாருக்கு எந்த பில் பெயரில் வரும்? மகனோடு கூட்டுக் கணக்கு ஒன்று தொடங்கி, அறிக்கை வரவைத்துத்தான் எங்கள் வீட்டில் முடித்தோம். இன்னொன்று: அட்டை தபாலில் வரும். தபால் பெட்டியில் அவர் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் வீட்டுக்காரர் பெயர் மட்டும் இருந்தது, அட்டை வந்த வழியே போய்விட்டது. அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில் மாமியார் பெயரை எழுதி செலோடேப் போட்டு ஒட்டினேன், இன்னும் அப்படியே இருக்கிறது.

அம்மாவும் அப்பாவும் ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். எடுத்துவிடலாமா? மியூசியம் எல்லாம் இலவசமாமே?

வேண்டாம். அவர்கள் விருந்தாளிகள், குடியிருப்பவர்கள் இல்லை. நான் இங்கே குடியிருக்கிறேன் என்று உறுதி கூறிக் கையெழுத்துப் போடும் படிவம் அது. சுற்றிப் பார்க்க வந்தேன் என்று விசா வாங்கியவர் அதில் கையெழுத்துப் போட்டால் பின்னால் அடுத்த விசாவுக்குச் சிக்கலாகலாம். ஒரு மியூசியம் டிக்கெட்டுக்காகவா?

மையத்தில் என்ன நடக்கும்? எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது.

முதலில் ஆன்லைனிலோ, நகரத்தின் உதவி எண்ணான 311-ஐ அழைத்தோ நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். 311-ல் ‘தமிழ்’ என்று ஒரே சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் சேர்ப்பார்கள், கொஞ்ச நேரம் பிடிக்கும், வைத்துவிடாதீர்கள். மையத்திலும் அதே மாதிரி கேட்கலாம். அங்கே ஆவணங்களைப் பார்த்து, விவரங்களைக் கணினியில் ஏற்றி, படம் எடுப்பார்கள். படம் நீங்கள் கொண்டுபோக வேண்டியதில்லை. பாலினம் நீங்கள் சொல்வதுதான், அதற்குச் சான்றிதழ் கேட்பதில்லை, 2019 முதல் ஆண், பெண் இரண்டும் வேண்டாம் என்றால் எக்ஸ் என்றும் போட்டுக்கொள்ளலாம். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதையும் அட்டையின் பின்பக்கம் போடச் சொல்லலாம், வயதானவர்களுக்கு அதைக் கட்டாயம் போடுங்கள்.

எவ்வளவு செலவு?

இலவசம். எவராவது ‘நூறு டாலர் கொடு, முடித்துத் தருகிறேன்’ என்றால் அது அவர் பைக்குப் போகும் நூறு டாலர்.

சரி, இதை வைத்து என்னதான் செய்வது?

சட்டென்று பயன்படுகிற இடம் பள்ளிக்கூடம். இங்கே அரசுப் பள்ளிக்குள் பெற்றோர் நுழைய வேண்டுமானால் வாசலில் பாதுகாப்பு மேசையில் படம் போட்ட அடையாளம் காட்ட வேண்டும். நம் பெண்கள் பலர் அதற்காகப் பாஸ்போர்ட்டைத் துணிப்பைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு போவார்கள், மழை நாளில் பிளாஸ்டிக் உறைக்குள். தொலைந்தால் என்ன கதி? அட்டை இருந்தால் பாஸ்போர்ட் பீரோவிலேயே இருக்கும். எனக்கு இதற்காகவே இந்த அட்டை பிடிக்கும்.

அடுத்தது போலீஸ். சின்னத் தப்புக்கு நிறுத்தினால், அடையாளம் காட்டுகிறவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், காட்ட முடியாதவரை நிலையம் வரை கூட்டிப்போக நேரலாம். சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நகர கிளார்க் அலுவலகத்தில் திருமண உரிமம் வாங்கவும் செல்லும். மூன்று நூலக அமைப்புகளுக்கும், அதாவது நியூயார்க், புரூக்ளின், குயின்ஸ் பொது நூலகங்களுக்கும், இதையே நூலக அட்டையாகப் பதிந்துகொள்ளலாம்.

அப்புறம் எல்லாரும் பேசும் மியூசியச் சலுகை. நகரத்தின் பல கலை நிறுவனங்கள் அட்டைக்காரர்களுக்கு ஓராண்டு இலவச உறுப்பினர் சேர்க்கை தருகின்றன. பட்டியலும் நிபந்தனையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், எனவே பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இது வெறும் கவர்ச்சி இல்லை, இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆவணம் இல்லாதவர்கள் மட்டும் வைத்திருக்கும் அட்டையானால் அதை நீட்டுவதே காட்டிக்கொடுத்துவிடும். குடிமகனும் ஆசைப்பட்டு எடுக்க வேண்டும் என்றுதான் இந்தத் தூண்டில். ஆகவே, கிரீன் கார்டும் லைசென்சும் வைத்துக்கொண்டு ‘எனக்கு எதற்கு’ என்கிறவர்களே, நீங்களும் எடுங்கள். நீங்கள் எடுத்தால்தான் பக்கத்து வீட்டுக்காரர் கூச்சமில்லாமல் எடுப்பார்.

வங்கிக் கணக்கு தொடங்கலாமா?

தொடங்கலாம், எல்லா இடத்திலும் இல்லை. ஏற்றுக்கொள்ளத் தடையில்லை என்று மத்திய ஒழுங்குமுறை அமைப்புகள் 2015-லேயே சொல்லிவிட்டன, ஆனாலும் பெரிய வங்கிகள் பலவும் முதன்மை அடையாளமாக எடுப்பதில்லை, இரண்டாவதாக எடுப்பார்கள். சின்ன வங்கிகளும் கடன் சங்கங்களும் பரவாயில்லை. ஒரு கிளையில் என் நண்பரிடம் ‘இது நூலக அட்டை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர் வாக்குவாதம் செய்யாமல் நாலு கடை தள்ளி இருந்த கடன் சங்கத்தில் அன்றைக்கே தொடங்கிவிட்டு வந்தார்.

விமானம் ஏறலாமா, வேலைக்குக் காட்டலாமா, வண்டி ஓட்டலாமா?

விமானத்துக்கும் வண்டிக்கும் இல்லை, வேலையில் நீங்கள் யார் என்பதற்கு மட்டும் காட்டலாம். விமான நிலையத்தில் இது செல்லாது. 2025 மே 7 முதல் ரியல் ஐடி விதியும், அதாவது உள்நாட்டு விமானத்துக்கே மத்திய அரசின் தரத்தில் அமைந்த அடையாளம் வேண்டும் என்ற விதியும், வந்துவிட்டது, உள்நாட்டுப் பயணத்துக்கு உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட் போதும்தான், ஆனால் குடிவரவு நிலை சரியில்லாதவர்கள் டிக்கெட் போடும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இது வேலை அனுமதி அல்ல, சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு மாற்றும் அல்ல. ஓட்டுநர் உரிமம் வேறு சங்கதி: அது மாநிலத்தின் கையில், 2019 டிசம்பர் முதல் குடிவரவு நிலை பாராமல் சாதாரண உரிமம் தருகிறார்கள், அதற்குத் தனியாக எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டுதலும் உண்டு.

ஓட்டுப் போடும் உரிமையும் இதில் கிடையாது. எந்த மேசையிலாவது வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினால், குடிமகன் அல்லாதவர் ‘வேண்டாம்’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தெரியாமல் கையெழுத்துப் போட்டாலும் பின்னால் குடியுரிமைக்கே உலை வைக்கும். இதில் மட்டும் விளையாடாதீர்கள்.

தொலைந்துபோனால்? ஐந்து ஆண்டு முடிந்தால்?

தொலைந்தால் மாற்று அட்டைக்கு 10 டாலர், கட்ட முடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம். முடியப்போகிறது என்றால் காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே புதுப்பிக்கலாம், பெரும்பாலும் ஆன்லைனிலேயே முடியும். வீடு மாறியிருந்தால் முதலில் முகவரியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது அட்டை பழைய வீட்டுக்குப் போகும். அங்கே இப்போது யார் இருக்கிறார்களோ.